அடுக்கு எஃகுக் கத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரையில் எங்கள் பட்டறை இருக்கிறது. சமையல் கத்தி, மீன் கத்தி, தோட்டக் கத்தி என்று கேட்பவரின் கைக்கும் வேலைக்கும் ஏற்ப அடித்துக் கொடுக்கிறோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் அடுக்கு எஃகு அலகைத்தான் கேட்கிறார்கள். கூடவே ஒரு மூட்டை சந்தேகங்களையும் கொண்டுவருகிறார்கள். உலை எரியும்போது தொலைபேசியில் பேச முடியாது என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆர்டர் கொடுப்பவர்களுக்கும், தாமே அடித்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் சேர்த்துத்தான். வரியைப் பார்த்து மயங்கி வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்று உண்டு: வரி கண்ணுக்கு, வெட்டுவது தோய்ச்சலும் (காய்ந்த அலகை எண்ணெய்யில் இறக்கிக் கடினமாக்குவது) வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், வடிவமும்.

அடுக்கு எஃகு என்றால் என்ன?

இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் வெளிர்மஞ்சளாகக் காயவைத்து, அடித்தே ஒன்றாகப் பற்றவைத்த பாளம். நடுவில் பற்றாசு, வெல்டிங் கம்பி எதுவும் கிடையாது. இரும்பு இரும்போடு நேராகக் கூடிவிடுகிறது.

நாங்கள் வழக்கமாக எடுப்பது 1084 அல்லது 1095 எஃகும், அதற்கு ஜோடியாக 15என்20 எஃகும். முதல் இரண்டில் கார்பன் முறையே 0.84, 0.95 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 15என்20-இல் கார்பன் சுமார் 0.75 சதவீதம், அதோடு நிக்கல் 2 சதவீதம் அளவில் சேர்ந்திருக்கும். மர அறுவை ஆலைகளில் ஓடும் பட்டை ரம்பங்களுக்குப் பயன்படும் எஃகு அது. அலகை முடித்து அமிலத்தில் இறக்கினால் நிக்கல் இல்லாத அடுக்கு கறுத்துப்போகும், நிக்கல் உள்ள அடுக்கு வெள்ளியாக நிற்கும். நீங்கள் பார்த்து வியக்கும் வரி அவ்வளவுதான்.

கொடுமணலில் செய்த பழைய உருக்கும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. இரண்டையும் ஒரே கதையாகச் சேர்த்துச் சொன்னால் விலை ஏறுகிறது என்பதால் வியாபாரிகள் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. தென்னிந்தியாவின் பழைய உருக்கு மூசையில், அதாவது உலோகம் உருக்கும் சிறு மண்கலத்தில், செய்தது. இரும்பையும் மரத்துண்டு, இலை போன்ற கரிப்பொருளையும் மண்மூசைக்குள் வைத்து மூடி, உருக்கி, மெதுவாக ஆறவிட்ட கட்டி அது. கார்பன் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்தக் கட்டியை அதிகம் காயவிடாமல் பக்குவமாக அடித்து நீட்டினால் உள்ளே இருக்கும் கார்பைடுத் துகள்கள் தாமாகவே வரிசைகட்டி அலையலையாகக் கோலம் காட்டும். அங்கே அடுக்குவதும் இல்லை, மடிப்பதும் இல்லை. லண்டனில் அந்த உருக்கை ஆராய்ந்தவர்களில் மைக்கேல் பாரடேயும் ஒருவர். 1819-ஐ ஒட்டிய காலம், மின்சாரத்தில் அவர் பெயர் எடுப்பதற்கு முன்பு. பாரடேயின் அப்பா ஒரு கொல்லர் என்பதை எங்கள் பட்டறையில் புதிதாக வருகிற பையன்களிடம் சொல்லாமல் விடுவதில்லை.

டெல்டாவின் வண்டலில் இரும்புத் தாது கிடையாது. சேலத்துக் கஞ்சமலை மாதிரியான இடங்கள்தான் தாதுக்குப் பெயர் போனவை. நம் பக்கத்துக் கொல்லர்கள் வந்த இரும்பை வாங்கி அடித்தவர்கள். என்ன அடித்தார்கள், எவ்வளவு நேர்த்தியாக அடித்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால், தஞ்சை அரண்மனையின் ஆயுதங்கள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கத்தி வாங்கும் ஆசை உள்ளவர்கள் ஒருநாள் ஒதுக்கிப் போய்ப் பார்ப்பது நல்லது. பிடியைக் கைக்கு ஏற்றபடி எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைக் குறிப்பாகப் பாருங்கள்.

எத்தனை அடுக்கு இருந்தால் நல்ல கத்தி?

இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. அடுக்கின் எண்ணிக்கைக்கும் கூர்மைக்கும் சம்பந்தமே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 7 தகடுகளைப் பற்றவைத்து நீட்டி, மூன்று துண்டாக வெட்டி மறுபடி அடுக்கினால் 21. இன்னொரு முறை 63. இன்னொரு முறை 189. மூன்றே மூன்று சுற்றில் இருநூறை நெருங்கிவிடலாம். 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அலகில் 189 அடுக்கு என்றால் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு. ஆயிரம் அடுக்குக்குப் போனால் வரி கண்ணுக்கே தெரியாது. அலகு முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். ஆயிரம் அடுக்கு என்று மார்தட்டும் கத்தியில் பட்டை பட்டையாக வரி தெரிந்தால் சொன்ன எண்ணைச் சந்தேகியுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு கதையும் உண்டு. கடினமான அடுக்கு வெட்டும், மெதுவான அடுக்கு முறியாமல் தாங்கும், இரண்டும் சேர்ந்து வாயில் நுண்ணிய பற்களாக நிற்கும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பற்றவைக்கும் சூட்டில் கார்பன் சும்மா இருப்பதில்லை. அடுக்குகள் மெல்லியதாக இருந்தால் சில நிமிடங்களிலேயே அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்ந்து எல்லா அடுக்கிலும் ஏறக்குறைய சமமாகிவிடும். நிக்கல் மட்டும் இருந்த இடத்தை விட்டு அவ்வளவாக நகராது. அதனால்தான் கடினம் ஒன்றாகிவிட்ட பிறகும் வரி அழியாமல் இருக்கிறது. வேலைக்கு ஆகும் கத்திக்கு நான் சிபாரிசு செய்வது நூறுக்கும் இருநூறுக்கும் இடையில். அதுவும் வரி அழகாகத் தெரியும் என்பதற்காகத்தான்.

தாத்தாவின் வண்டிப்பட்டையை, ஏர்க்கொழுவைக் கத்தியில் சேர்த்துத் தர முடியுமா?

முடியும், சேர்க்கும் இடம் தெரிந்து சேர்த்தால். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். உழவு மாடும் வண்டியும் போய்விட்டன, வண்டிச் சக்கரத்தைச் சுற்றியிருந்த பட்டையும் கொழுவுமாக இரும்பு மட்டும் கொட்டகை மூலையில் கிடக்கிறது, அதைக் கொண்டுவருகிறார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அநேகமாக வண்டிப்பட்டையோடுதான் வருவார்கள்.

எந்த இரும்பு வந்தாலும் முதலில் சாணைச் சக்கரத்தில் வைத்துப் பொறி பார்ப்போம். பகலானால் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க வேண்டும். கார்பன் குறைந்த இரும்பில் பொறி நீளமாக, நேராக, மஞ்சளாக ஓடி, நுனியில் ஒன்றிரண்டாகக் கிளைத்து அணைந்துவிடும். கார்பன் கூடக்கூட பொறி குட்டையாகும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே படபடவென்று பூக்கும், ஒவ்வொரு பூவிலிருந்தும் மறுபடி பூ கிளம்பும். பழைய அரத்தை வைத்துப் பார்த்தால் மத்தாப்புப் போலப் பொரியும். லாரி வில்பட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்; அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம்.

வண்டிப்பட்டை கிட்டத்தட்ட எப்போதும் முதல் ரகம்தான். அதை எவ்வளவு தோய்த்தாலும் கடினமாகாது. கத்தியின் வாயாக வைத்தால் தக்காளிகூட நசுங்கும். ஆகவே அதை வாயில் வைப்பதில்லை. நடுவில் கார்பன் கூடிய எஃகு, இருபுறமும் வண்டிப்பட்டை என்று மூன்று அடுக்காகப் பற்றவைப்போம். வெட்டுவது நடு எஃகு. கன்னம் இரண்டும் தாத்தாவின் இரும்பு. மிகப் பழைய பட்டையாக இருந்து, அது ஆலை எஃகுக்கு முந்திய தேனிரும்பாக இருந்துவிட்டால் யோகம்தான். அதில் கசடு இழை இழையாக ஓடியிருக்கும். அமிலத்தில் இறக்கினால் மரத்தின் ரேகை மாதிரி எழும்பி வரும். நிக்கல் கலந்து செய்யும் வரியைவிட எனக்கு அந்த ரேகை மேல்தான் கண்.

இது ஒன்றும் புதிய தந்திரம் இல்லை. எஃகு அருமையாக இருந்த காலத்தில் கோடரிக்கும் உளிக்கும் வாய்ப்பகுதியில் மட்டும் எஃகு வைத்துப் பற்றுவார்கள். உடம்பு முழுவதும் சாதா இரும்பாக இருக்கும். லாரி வில்பட்டை மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு அதற்கு அவசியம் இல்லாமல் போனது.

துத்தநாகம் பூசிய இரும்பைக் கொண்டுவர வேண்டாம். உலையில் அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. தேரிலிருந்து விழுந்த ஆணி, கோயில் மணியின் கொக்கி என்றெல்லாம் கொண்டுவருகிறார்கள். அது கோயில் சொத்து. நாங்கள் தொடுவதில்லை.

பற்றவைப்பது எப்படி? கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

தகடுகளை அளவாக வெட்டி, இரு முகத்தையும் பளபளவென்று தேய்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். கைரேகை படிந்தால்கூட எனக்கு மனம் ஒப்பாது. அடுக்கி, இறுக்கி, ஓரங்களில் மட்டும் வெல்டிங் பொட்டு வைத்து, பிடித்துக்கொள்ள ஒரு நீளக் கம்பியை ஒட்டிவிடுவோம்.

உலையில் செஞ்சிவப்பு ஏறியதும் வெளியே எடுத்து வெண்காரத்தைத் தூவ வேண்டும். வெண்காரம் 743 டிகிரி செல்சியஸில் உருகும். உருகி, பாகாக ஓடி, இடுக்குகளில் இறங்கி, காற்று புகாமல் மூடிக்கொள்ளும். சூட்டில் இரும்பின் மேல் ஏற்கெனவே படிந்த செதிலையும் கரைத்துவிடும். மறுபடி உலைக்குள். இனி அவசரப்படக் கூடாது. சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகி, 1200 டிகிரியை ஒட்டி எலுமிச்சை நிறத்துக்கு வரும். அப்போது பாளத்தின் மேல் வெண்காரம் சின்னச் சின்னதாகக் கொதித்து நடுங்கும். பாளத்தின் நிறமும் உலைச் சுவரின் நிறமும் ஒன்றாகி, எது இரும்பு எது சுவர் என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகும். அந்த நிலையில் இன்னும் சில நிமிடம் வைத்து, நடு வரைக்கும் சூடு இறங்கவிட வேண்டும். வெளியே பழுத்து உள்ளே பழுக்காத பாளம்தான் பிற்பாடு அடுக்கு விடும். வாணம் போலப் பொறி சிந்த ஆரம்பித்தால் எஃகு எரிகிறது என்று பொருள், பாளம் போயிற்று.

எடுத்ததும் முதல் அடிகள் மெதுவாக இருக்க வேண்டும். இது நீட்டும் அடி இல்லை, ஒட்டும் அடி. நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வந்தால் உள்ளே இருக்கும் வெண்காரம் பக்கவாட்டில் பீறிட்டு வெளியேறும். எதிரே யாரையும் நிற்கவிடாதீர்கள். முதல் இரண்டு அடியில் சத்தம் தட்டையாக, பல தகடுகளை ஒன்றாகத் தட்டுவதாகக் கேட்கும். பற்றிக்கொண்டதும் ஒற்றைக் கட்டியைத் தட்டும் சத்தமாக மாறிவிடும். காது பழகிவிட்டால் அதுவே போதுமான சாட்சி. கண்ணுக்கும் ஒரு சாட்சி உண்டு: பாளம் ஆறிவரும்போது பக்கவாட்டில் பாருங்கள். பற்றாத இடம் இருந்தால் அதற்கு மேலே உள்ள அடுக்கு சீக்கிரம் ஆறி, கறுப்பு நிழலாகத் தெரியும். அதை அப்போதே மறுபடி வெண்காரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். நிழலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மேலே போனால் அரைத்து முடித்த பிறகு அலகின் கன்னத்தில் மயிரிழைக் கோடாக வந்து நிற்கும்.

மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேலே, செதிலாகவும் அரைத்த பொடியாகவும் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கரி உலையா, கேஸ் உலையா?

இரண்டிலும் செய்யலாம். பற்றவைக்க நாங்கள் கேஸ் உலையைப் பயன்படுத்துகிறோம். சூடு சீராக இருக்கும், துருத்தி ஊத ஓர் ஆள் மிச்சம். சாதாரணக் கத்திக்குச் சீமைக் கருவேலங்கரியே போதும். உருகிய வெண்காரம் கேஸ் உலையின் பீங்கான் பஞ்சை அரித்துவிடும் என்பதால் உட்புறத்தில் சூடு தாங்கும் சிமெண்ட் பூச வேண்டும். வீட்டுச் சமையலுக்குக் கொடுக்கும் 14.2 கிலோ சிலிண்டரைப் பட்டறையில் மாட்டுவது சட்டவிரோதம். 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்கள். மழைக்காலத்தில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேஸ் உலை எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

முறுக்குக் கோலம், ஏணிக் கோலம், மழைத்துளிக் கோலம் எல்லாம் எப்படி வருகின்றன?

அடுக்குகளைக் கலைப்பதால். தட்டையாக இருக்கும் அடுக்குகளை அப்படியே அரைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சதுரக் கம்பியாக அடித்து, சூட்டோடு திருகி, பிறகு தட்டையாக்கி அரைத்தால் நட்சத்திரம் நட்சத்திரமாக வரும். குறுக்கே வரிசையாகப் பள்ளம் வெட்டி, மேட்டை அடித்துச் சமமாக்கினால் ஏணி. ஆழமில்லாத குழிகளைத் துளைத்து அடித்துச் சமமாக்கினால் மழைத்துளி. வெங்காயத்தை எந்தப் பக்கம் சாய்த்து நறுக்குகிறோமோ அதற்கேற்ப வளையம் மாறுகிறதே, அதே கணக்கு. முதல் கத்தி வாங்குபவர்களுக்கு எந்தத் திட்டமும் இல்லாமல் சுத்தியலின் போக்கில் வரும் கோலத்தைத்தான் சொல்வேன். விலையும் குறைவு, பார்க்கப் பார்க்க அலுக்காது.

தோய்ச்சல், தோய்ச்சல் என்கிறீர்களே, அதில் என்ன இருக்கிறது?

எல்லாம் அதில்தான் இருக்கிறது. எத்தனை அழகான வரி ஓடினாலும் தோய்ச்சல் சரியில்லையென்றால் அது சுவரில் மாட்டும் படம்.

அடித்து முடித்த அலகின் உள்மணிகள் தாறுமாறாகப் பெருத்துக் கிடக்கும். அதைச் சீராக்க, காயவைத்துக் காற்றில் ஆறவிடுவதை மூன்று முறை செய்வோம். ஒவ்வொரு முறையும் சூடு முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவு. அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் படி இதுதான்.

பிறகு இருட்டில் தோய்ச்சல். எங்களுக்கு அது எப்போதும் விளக்கு வைத்த பிறகுதான், நிறம் பார்க்க. சுமார் 770 டிகிரியில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்கும் மேலே 800, 815 வரை கொண்டுபோக வேண்டும். உற்றுப் பார்த்தால் அலகின் உள்ளே நிழல் அலைவது தெரியும். எஃகு உள்ளுக்குள் மாறும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது, அதனால் அந்த இடம் மட்டும் ஒரு கணம் மங்குகிறது. மங்கல் முதுகை நோக்கி ஒதுங்கி, அங்கேயும் கரைந்து, அலகு முழுவதும் ஒரே நிறத்துக்கு வந்ததும் எண்ணெய்யில் இறக்க வேண்டும். காந்தத்தை நம்புவதைவிட இந்த நிழலை நம்பலாம்.

எண்ணெய் 50 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிய எண்ணெய் கெட்டியாக இருந்து அலகைச் சுற்றி ஆவிப் போர்வை போட்டுவிடும். கருக்கரிவாளுக்குத் தண்ணீர் காட்டிப் பழகியவர்கள் இதையும் தண்ணீரில் விடுவார்கள். அடுக்கு எஃகு ‘டிக்’ என்று விரியும் சத்தம் வந்தால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. வண்டியில் வடித்த பழைய என்ஜின் ஆயிலையும் சேர்க்காதீர்கள், அதன் புகையில் ஈயம் முதலிய கண்டதும் இருக்கும். கடலை எண்ணெய் போதும். நிறையச் செய்பவர்கள் இதற்கென்றே விற்கும் எண்ணெய்யை வாங்கலாம்.

எண்ணெய்யிலிருந்து எடுத்த அலகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். கீழே போட்டால் உடையும். உடனே பதம் இறக்க வேண்டும்: 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தேய்த்த இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும். அப்போது கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி நிற்கும்; சமையல் கத்திக்கு அது போதும். இதற்குப் பெரிய உலை வேண்டாம், வீட்டில் கேக் செய்யும் மின் அடுப்பே போதும். ஆனால் அதன் குமிழில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள்.

தோய்த்த பிறகு அரைக்கும்போது ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். வாயில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, கடினம் போய்விட்டது. அரைத்து முடித்து, வாயைப் பித்தளைக் கம்பியின் மேல் சாய்த்து அழுத்திப் பார்ப்போம். மெல்லிய வாய் கம்பியின் வளைவுக்கு வளைந்து கொடுத்து, எடுத்ததும் நேராகத் திரும்ப வேண்டும். வளைந்தே நின்றால் மெது. பொடிந்தால் பதம் இறங்கவில்லை.

வரியை வெளிக்கொண்டுவருவது எப்படி? காபியில் ஊறவைப்பார்களாமே?

காபி இரண்டாவது. முதலில் ஃபெர்ரிக் குளோரைடு, மின்சுற்றுப் பலகை அரிக்கப் பயன்படுகிறதே அதே சரக்கு. கரைசலாக வாங்கி, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, அலகைப் பத்து நிமிடம் தொங்கவிடுவோம். எடுத்தால் கன்னங்கரேல் என்று அழுக்கு படிந்திருக்கும், ஒன்றுமே தெரியாது. கழுவி, மெல்லிய உப்புத்தாளால் மேலாக ஒரு தேய். கறுப்பு பள்ளத்தில் தங்க, வெள்ளை மேலே வரும். திருப்தி வரும்வரை இரண்டு மூன்று முறை. முடிவில் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் போட்டு அமிலத்தை முறிக்க வேண்டும்.

கறுப்பு இன்னும் ஆழமாக வேண்டுமானால் கெட்டியான காபியில் சில மணி நேரம். கும்பகோணம் டிகிரி காபியை இதற்கு வீணாக்க வேண்டாம். பாலும் சர்க்கரையும் கூடாது. மலிவான இன்ஸ்டன்ட் காபித்தூளை வெந்நீரில் கரைத்தால் போதும்.

பழைய அமிலக் கரைசலை வாய்க்காலில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் கரைந்த நிக்கல் இருக்கிறது. அந்த வாய்க்கால் யாருடைய வயலுக்கோ போகிறது. பிளாஸ்டிக் கேனில் சேர்த்துவைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பிடிக்கு என்ன மரம்?

பூவரசு நன்றாக இருக்கும்; இறுக்கம், ஈரத்துக்கும் சுலபத்தில் அசையாது. 2018 நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் விழுந்த தென்னைகளில் பலகையாக அறுத்துக் காயவைத்தவை இன்னும் சிலரிடம் இருக்கின்றன. முதிர்ந்த தென்னையின் வெளிவட்டம் இரும்பாக இருக்கும்; கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி ஓடிய அந்த வைரத்துக்கு நான் அடிமை. தஞ்சையில் வீணை செய்பவர்களிடம் பலா மரத்துண்டு கேட்டால் கிடைக்கும், ஆனால் பலா மெதுவானது, சிறிய கத்திக்குச் சரி. பூணுக்கும் ஆணிக்கும் பித்தளையை நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளிலிருந்து வாங்குகிறோம்.

பச்சை மரம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஐப்பசியில் ஊதி, பங்குனியில் சுருங்கி, ஆணியைச் சுற்றி வெடிக்கும்.

அடுக்கு எஃகில் அரிவாள் அடித்துத் தருவீர்களா?

மாட்டோம். அரிவாளுக்கு வில்பட்டைதான் சரி.

இந்தக் கத்தியால் தேங்காய் உடைக்கலாமா?

கூடாது. முதுகாலும் கூடாது. முதுகு தாங்கும், ஆனால் அந்த அதிர்ச்சியில் பிடி தளரும். எலும்பு, உறைந்த மீன், கரும்பின் கணு எதுவும் வேண்டாம். வாய் மெல்லியது, கடினமானது. குத்தித் திருகினால் சில்லு போகும். வீட்டில் இருக்கும் அரிவாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரண்டுக்கும் வேறு வேறு வேலை. பலாப்பழம் அரியலாம், முதலில் எண்ணெய் தடவிக்கொண்டு.

துருப்பிடிக்குமா?

பிடிக்கும். இது எவர்சில்வர் இல்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரானால் இன்னும் சீக்கிரம். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, காயவைத்தால் போதும், ஊறப்போடக் கூடாது. வாழைப்பூவும் வாழைக்காயும் அலகைக் கறுக்கவைக்கும். அது துரு இல்லை. அந்தக் கறை ஓரளவு துருவைத் தடுக்கவும் செய்யும். புதிதில் காய் லேசாகக் கறுத்தால் பயப்படாதீர்கள்.

பெரிய ஆபத்து துரு இல்லை, புளி. பித்தளைச் சாமான்களோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்துவைத்துவிடுகிறார்கள். வரி மொத்தமும் மங்கித் திரும்பி வருகிறது. மறுபடி அமிலத்தில் விட்டுக் கொடுக்க முடியும்தான். வேலைக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது சுலபம். நெடுநாள் எடுத்துவைப்பதானால் உணவுக்கு ஆகும் மினரல் ஆயில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை வந்து பிசுபிசுத்துப்போகும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை வாங்கிவைத்துக்கொள்ளும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

அரிவாள்மனைக்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது. இதற்கு வேண்டாம். தண்ணீர் இல்லாமல் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் காய்ந்துவிடும். 1000 எண் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமும் 15 டிகிரிச் சாய்வில், நுனியிலிருந்து அடி வரை ஒரே சாய்வு மாறாமல் தீட்டுங்கள். முதல் முறை பட்டறைக்கு வந்தால் கைபிடித்துக் காட்டித் தருகிறோம்.

ஆன்லைனில் 67 அடுக்குக் கத்தி மலிவாகக் கிடைக்கிறதே?

அதில் இரண்டு ரகம். ஒன்று உண்மையானது: ஜப்பானிய ஆலைகளில் நடுவில் ஒரு கடின எஃகு, இருபுறமும் 33 அடுக்கு துருப்பிடிக்காத எஃகு என்று உருட்டிய தகடு. நல்ல கத்திதான், கையால் அடித்தது இல்லை என்பதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொன்று சாதா தகட்டின் மேல் லேசரால் வரைந்த வரி. முதுகைப் பாருங்கள்: உண்மையான அடுக்கானால் வரி முதுகின் தடிமனிலும் தெரியும். இரு கன்னத்திலும் ஒரே கோலம் அச்சுப் பிசகாமல் இருந்தாலும் சந்தேகம்தான். சந்தேகம் தீர வேண்டுமானால் ஓரமாக ஓர் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு ஃபெர்ரிக் குளோரைடு விடுங்கள். வரைந்த வரி திரும்பி வராது.

இவ்வளவு விலை ஏன்?

எஃகின் விலை அதில் சின்னப் பங்கு. கேஸ், அரைக்கும் பெல்ட், பொடியாகப் போகும் மூன்றில் ஒரு பங்கு, பற்றாமல் கழிக்கும் பாளம், எல்லாவற்றுக்கும் மேலே ஆள் நேரம். அடிப்பதைவிட அரைப்பதற்கும் கையால் உப்புத்தாள் போடுவதற்கும்தான் அதிக நேரம் பிடிக்கிறது. பணத்துக்கு யோசிப்பவர்களிடம் ஒற்றை எஃகில் வாங்குங்கள் என்றே சொல்கிறோம். 1084-இல் அதே ஆள், அதே தோய்ச்சல், அதே வாய். வெட்டில் வித்தியாசம் தெரியாது, விலையில் நன்றாகவே தெரியும்.

நானே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் அடுக்கில் ஆரம்பிக்காதீர்கள். வில்பட்டைத் துண்டில் ஒரு சின்னக் கத்தி அடித்து, தோய்த்து, பதம் இறக்கி, சமையலறையில் பயன்படுத்திப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு இரண்டு துண்டைப் பற்றவையுங்கள். பட்டறைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு போதும். நம் களிமண் தரை மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கும். அதில் கட்டையை நேரடியாக நட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். மணல் நிரப்பிய பெட்டியில் இறக்குங்கள். பருத்தித் துணி, மூடிய தோல் செருப்பு, கண்ணாடி, அரைக்கும்போது முகமூடி. பாலியெஸ்டர் சட்டையோடு வந்தால் உள்ளே விடமாட்டோம். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சட்டப்படி வைத்துக்கொள்ளலாமா? கூரியரில் அனுப்புவீர்களா?

வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திக்குத் தடை இல்லை. அப்படியில்லாத கத்தியில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ ஆயுத விதிகளின் ஆயுதப் பட்டியலுக்குள் வந்துவிடும். வாள், குத்துவாள், இருபுறமும் வாய் உள்ளவை எதையும் நாங்கள் அடிப்பதில்லை. திருமண அன்பளிப்புக்கு என்றாலும் சரி, திருவிழாவுக்கு என்றாலும் சரி, பதில் அதுதான்.

கூரியரில் அனுப்புவதில்லை, நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது நீங்கள் இப்போது புழங்கும் கத்தியையும் கையோடு கொண்டுவாருங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் விரல் படிந்திருக்கிறது என்று பார்த்தால் புதுக் கத்திக்கு வேண்டிய அளவில் பாதி அதிலேயே கிடைத்துவிடும். இடது கைக்காரர் என்றால் முன்பே சொல்லுங்கள். விமானத்தில் வந்திருந்தால் திரும்பும்போது கைப்பையில் வைக்காதீர்கள், திருச்சி விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள்.